வரிமதி எழுதிய மொய்

மொய் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை பாதிகூடக் கரையவில்லை. அதற்குள் தையல்நாயகியின் மணிக்கட்டில் இருந்த வரவுணரி மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போய்விட்டது.

ஆர்க்கேடியா நகரத்தில் பிறந்தவர் யாராக இருந்தாலும் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பதறியிருப்பார். செவ்வாய்க்கோளின் செம்மண் பரப்பு மேல் கவிழ்த்த மூன்று கண்ணாடிக் கூடாரங்களுக்குள் வாழும் எண்பதாயிரம் பேரும் வரவுணரி கட்டியவர்கள். ஒருவருக்கு எது வந்தாலும், சம்பளமோ பரிசோ பக்கத்து வீட்டு ரொட்டியோ, அது உணர்ந்து வரிமதிக்குச் சொல்லிவிடும். வரிமதி என்பது நகரத்தின் வரி மூளை. தானே கணக்கிட்டுத் தானே பிடித்துக்கொள்ளும். படிவம் கிடையாது, தணிக்கை கிடையாது, மேசைக்கு அடியில் கை நீட்டுவோரும் கிடையாது. நாற்பது வருடமாக எங்கள் ஊரில் வரி ஏய்த்தவர் ஒருவர்கூட இல்லை என்று சொல்லும்போது அவர்கள் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், நியாயம்தான்.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. முதல் வருடம் வரிமதி எதையும் பிடிக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். வருட முடிவில் 'வருகைக் கணக்கு' கேட்கும். மண்ணில் கால் பட்ட நாளிலிருந்து இங்கே வந்தது, பூமியில் வந்தது, இரண்டு உலக வருமானத்தையும் சொல்ல வேண்டும். சொன்னதற்கு வரியும் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

தையல்நாயகிக்கு இதெல்லாம் தெரியும், அவளுடைய முதல் வருடம் முடியப்போகிறது. ஆழ்துளை இயந்திரம் ஓட்டுபவள், முப்பத்தைந்து வயது, பேராவூரணிக்காரி. ஊரில் விட்டுவந்த ஐந்து தென்னையில் இறக்கிய முப்பத்தெட்டுத் தேங்காயைக்கூட அவள் கணக்கில் சேர்த்திருந்தாள். மறைப்பது அவளுக்கு வராத வேலை. மறைக்க நினைத்தவளாக இருந்தால் இப்படி மைக் வைத்து அறிவித்துக்கொண்டிருப்பாளா?

"மாவடுகுறிச்சி சாமிக்கண்ணு மகன் பழனிவேலு, ஆயிரத்து ஐநூறு லிட்டர்!" என்று முழங்கினார் அடைக்கலம். பகலில் குழாய் பொருத்துபவர். விசேஷம் என்று வந்துவிட்டால் மொய் எழுதுபவர். குரல் கூடாரத்தின் கண்ணாடியில் போய் மோதித் திரும்பியது. அந்த ஊரில் பணம் என்றால் தண்ணீர், அதனால் எல்லாம் லிட்டர் கணக்கு. அந்தத் தண்ணீரைப் பாறைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொடுப்பது இந்த வரிசையில் நின்ற நூற்று அறுபத்து மூன்று பேர்தான்.

தையல்நாயகி வைத்த மொய் விருந்தில், தொட்டியில் வளர்த்த ஆட்டுக்கறிக்குழம்பின் மணம் மூன்றாவது கூடாரம் வரை போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். மாலையில் கூட்டிப் பார்த்தபோது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் லிட்டர் சேர்ந்திருந்தது. தையல்நாயகியின் கணவன் நீலமேகத்துக்கும் ஏழு வயது மகள் இளவேனிலுக்கும் கப்பல் கட்டணம் இரண்டு லட்சம். முன்பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள். அதை விட்டால் அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து.

"பாத்தியா தங்கச்சி, மேலேயே வந்துடுச்சு," என்றார் அடைக்கலம்.

அவள் அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள்.

மறுநாள் காலை வருகை வரி அலுவலர் துளைக்களத்துக்கே வந்துவிட்டார். பெயர் ஐவர் ஹால்வர்சன். 'ஐவர்னு பேரு, வர்றது என்னவோ ஒருத்தர்தான்' என்று தொழிலாளர்கள் அவரைக் கேலி செய்வதுண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயது, நல்ல மனிதர். புதிதாக வந்தவர்களுக்கு வரிமதியைப் புரியவைப்பதுதான் அவர் வேலை. அவர் பேசுவதைச் செவிமொழி என்ற காதுக்கருவி தமிழாக்கித் தரும். அந்தக் கருவிக்குத் தமிழ் கற்பித்தவர் செய்தி வாசிப்பவராக இருந்திருக்க வேண்டும்.

"தாங்கள் ஒரே நாளில் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் லிட்டர் பெற்றுள்ளீர்கள். இதற்கு நூற்றுக்கு நாற்பது வரி. எண்பத்தேழாயிரத்து இருநூறு லிட்டர் செலுத்த வேண்டும்," என்றார்.

தையல்நாயகி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "அது வருமானம் இல்ல சார். மொய்."

"அன்பளிப்பா? அன்பளிப்பும் வருமானமே."

"அன்பளிப்பும் இல்ல. திருப்பிச் செய்யணும்."

"அப்படியென்றால் கடன். கடனுக்கு வரி இல்லை. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்."

"ஒப்பந்தமா? பழனிவேலு அண்ணன்கிட்ட நான் கையெழுத்து வாங்கினா அவரு இந்த ஜென்மத்துல என் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு."

ஹால்வர்சன் பெருமூச்சு விட்டார். ஒப்பந்தமில்லாமல் கடன் கொடுப்பது அந்த ஊரில் குற்றம். கடன் என்று அவள் எழுதிக்கொடுத்தால் நூற்று அறுபத்து மூன்று பேர் மேலும் வழக்கு வரும். வருமானம் என்று எழுதினால் கையில் மிஞ்சுவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம், கப்பல் போய்விடும். அவரும் அதை யோசிக்காமல் வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆதரவற்றோர் பெறும் உதவிக்கு வரி இல்லை. 'நான் வழியற்ற நிலையில் இருந்தேன், இவர்கள் எனக்கு உதவினார்கள்' என்று கையொப்பமிடுங்கள். இன்றே முடிந்துவிடும். நான் இதைத் தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அடைக்கலம் அவள் முகத்தையே பார்த்தார். ஒரு கையெழுத்து, மகள் வந்துவிடுவாள். யார் அவளைக் குறை சொல்லப் போகிறார்கள்?

தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"சார், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா நான் கையேந்தி வாங்கல. போன தைமாசம் பழனிவேலு அண்ணன் பொண்ணுக்குக் காது குத்தினப்ப நான் எழுதினேன். அதுக்கு முன்னாடி அடைக்கலம் அண்ணனுக்கு எழுதினேன். எனக்கு அவங்க எழுதினாங்க. இதுல வழியத்தவ எங்கேருந்து வந்தா? அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா எனக்கு எழுதின அத்தனை பேரையும் தர்மம் போட்டவங்களா ஆக்கிடுவேன். எம்பொண்ணு இங்க வந்து, எங்கம்மா பிச்சையெடுத்து என்னைக் கூட்டிட்டு வந்தான்னு படிக்கணுமா?"

"கப்பல் போய்விட்டால்?"

அவள் கண் கலங்கிற்று. "நான் நேரா வரிமதிகிட்டயே பேசறேன்," என்றாள்.

அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இருந்தது. நாற்பது வருடத்தில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை என்பதால் ஹால்வர்சன் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

விசாரணை ஆறாம் நாள் நடந்தது. நகர மன்றத்தில் ஒரு சிறிய அறை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு ஒலிப்பெட்டி. தையல்நாயகி உட்கார்ந்தாள், ஹால்வர்சன் பக்கத்தில் நின்றார். வெளியே தாழ்வாரத்தில் நூற்று அறுபத்து மூன்று பேரும் நின்றார்கள். அன்று யாரும் துளைபோடப் போகவில்லை.

"திருப்பித் தர வேண்டிய தேதி என்ன?" என்று வரிமதி தொடங்கியது. அதுவும் செய்தி வாசிப்பவர் குரல்தான்.

"அவங்க வீட்ல விசேஷம் வர்றப்ப."

"அது எப்போது?"

"எனக்கு எப்படித் தெரியும்? சில பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"எவ்வளவு தர வேண்டும்?"

"அவங்க எழுதினது. அதுக்கு மேல கொஞ்சம் புதுசா."

"கொஞ்சம் என்பது எவ்வளவு?"

"அது அவங்கவங்க மனசு."

வரிமதி மனசுக்கு அலகு தேடிக்கொண்டிருந்ததோ என்னவோ, அடுத்த கேள்வி தாமதமாகத்தான் வந்தது.

"கொடுத்தவர் இறந்துவிட்டால்?"

"அவரு பிள்ளை வீட்டு விசேஷத்துல செய்வேன்."

"தாங்கள் இறந்துவிட்டால்?"

"எம்பொண்ணு செய்வா."

"குழந்தை பெற்றோரின் கடனை ஏற்பதைச் சட்டம் அனுமதிக்காது."

"சட்டம் அனுமதிக்கலைன்னாலும் செய்வா. என் தாத்தா வாங்கினதை எங்கம்மா செஞ்சாங்களே."

"திருப்பித் தராவிட்டால் தண்டனை என்ன?"

தையல்நாயகி இதற்கு முன் இதை யோசித்ததே இல்லை. யாராவது வந்து சண்டை போடுவார்களா? மாட்டார்கள். போலீஸ்? சிரிப்பு வந்தது. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்த பந்தியில நான் போய் உக்காந்தா பக்கத்து எலைக்காரர் என்னைப் பாக்காம சாப்பிடுவாரு. அவ்வளவுதான்."

"இது தண்டனை ஆகுமா?"

"நீங்க பந்தியில உக்காந்ததில்ல. அதான் கேக்கறீங்க."

வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். ஹால்வர்சன் திரும்பி முறைத்தார். ஆனால் அவர் உதடும் லேசாகக் கோணியது.

"சான்று வேண்டும்," என்றது வரிமதி. "தங்கள் ஊரில் மொய்ப் பதிவேடுகள் உள்ளனவா?"

"இல்லாம? வீட்டுக்கு நாலு நோட்டு. இப்பல்லாம் எல்லாத்தையும் கணினியில ஏத்தி வெச்சிருக்காங்க."

பூமிக்குச் செய்தி போய் பதில் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை எல்லோரும் தேநீர் குடித்தார்கள். அடைக்கலம் ஹால்வர்சனுக்கும் ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் ஹால்வர்சனின் வரவுணரி லேசாக மின்னியது, தேநீரும் வரவுதானே.

பதினோரு ஊர்களின் அறுபத்திரண்டு வருடக் கணக்கு வந்து சேர்ந்தது. வரிமதி அதைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரம் தும்மும் நேரம்கூட இல்லை.

"நூற்றுக்குத் தொண்ணூற்றேழு திரும்பியுள்ளது. மீதி மூன்றில் பெரும்பகுதி, கொடுத்தவர் வீட்டில் இன்னும் விசேஷம் வராதவை. ஒரு வருடத்தில் மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. ஏன்?"

"அது புயல் வருஷம். தென்னை பூரா சாஞ்சிடுச்சு. யாரு வீட்லயும் விசேஷம் வைக்கல."

"அந்த வருடம் திரும்பியிருக்க வேண்டியது முழுவதும் அடுத்த மூன்று வருடங்களில் திரும்பியிருக்கிறது. வழக்கத்தைவிடக் கூடுதலாக."

"கஷ்டப்பட்டவங்களுக்குக் கொஞ்சம் சேத்துத்தானே எழுதுவாங்க," என்றாள் தையல்நாயகி, இது என்ன கேள்வி என்பதுபோல.

ஹால்வர்சன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். நகர வங்கியில் திரும்பி வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அதற்கு ஒப்பந்தம் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, வசூல் இயந்திரங்கள் உண்டு.

"தீர்ப்பு," என்றது வரிமதி. "என்னிடம் மூன்று கட்டங்கள் உள்ளன: வருமானம், கடன், உதவி. இது மூன்றிலும் அடங்கவில்லை. நான்காவதாக ஒன்றை உருவாக்குகிறேன். ஒப்பந்தமின்றிக் கொடுக்கப்பட்டு, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தின்போது கூடுதலாகத் திரும்பச் செய்ய வேண்டியது எதுவோ, அது மொய். மொய்க்கு வரி இல்லை. சம்பளத்துக்கான வரி முப்பத்தோராயிரத்து இருநூறு லிட்டர் மட்டும் செலுத்துக. தேங்காய்களுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது."

தாழ்வாரம் அதிர்ந்தது. பழனிவேலு குழந்தைபோலக் குதித்தார். பிறந்த மண்ணிலிருந்து கோடிக்கணக்கான கல் தொலைவில், வேறொரு உலகத்தின் சட்டப் புத்தகத்தில், ஒரு பேராவூரணிக்காரி வாயால் சொன்ன சொல் அப்படியே ஏறிவிட்டது. அதை மொழிபெயர்க்க முயன்ற ஆர்க்கேடியாவின் அறிஞர்கள் பிறகு கைவிட்டுவிட்டு 'மொய்' என்றே எழுதினார்கள். தையல்நாயகி அன்று மாலையே சம்பள வரியைக் கட்டினாள், கப்பலுக்கும் பதிவு செய்தாள். தலையைக் குனியாமல் நகர மன்றத்தின் படிகளில் இறங்கியதைத்தான் அவள் நீலமேகத்துக்கு முதலில் எழுதினாள். பயணச்சீட்டு எண்ணை அதற்குப் பிறகுதான் எழுதினாள்.

ஆனால் வரிமதி அதோடு நிற்கவில்லை. அதை உருவாக்கியவர்கள் அதற்குப் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: ஒரு விதி என்றால் எல்லோருக்கும் ஒரே விதி. புதிய கட்டம் ஒன்று கிடைத்ததும் அது நகரத்தின் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து மறுபடி பிரிக்க ஆரம்பித்தது.

பிரிக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. வரி என்பது குடிமக்கள் நகரத்திடம் பெறும் சேவைக்கு ஈடு என்று ஆர்க்கேடியாவின் சாசனம் சொல்கிறது. குடியேறியவர்களும் முழு வரி கட்டினார்கள். ஆனால் முதல் ஐந்து வருடம் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை, இலவச மருத்துவமில்லை, வாக்குரிமையும் இல்லை. ஈடாக எதுவும் வராமல், ஒப்பந்தமும் இல்லாமல், நகரம் தோன்றிய நாளிலிருந்து எண்பத்திரண்டு வருடமாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வரிமதி ஒரே வரியில் அறிவித்தது: 'இது வரி அல்ல. குடியேறியவர்கள் நகரத்துக்கு எழுதிய மொய்.'

நகர மன்றத்தில் மூன்று மாதம் கூச்சல். சிலர் வரிமதியை அணைத்துவிடலாம் என்றார்கள். அணைத்தால் வரி வசூலிப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தலைமுறையில் கூட்டல் தெரிந்தவர்களே குறைவு. ஐந்து வருட விதியை நீக்கினார்கள். பழையதை என்ன செய்வது? நகரத் தலைவி சொஃபியா மென்டெஸ் கடைசியில் எழுந்து சொன்னார்: "ஏய்ப்பே இல்லாத ஊர் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொள்கிறோம். நாம் வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இனி எப்படிச் சொல்வது?"

ஆகவே கப்பல் வந்து சேர்ந்து, தையல்நாயகிக்கு இரண்டு அறை வீடு ஒதுக்கி, புதுமனை புகுவிழா நடந்த அன்று வரிசையில் ஒரு புதுமை. இளவேனில் புது ஊரின் குறைந்த ஈர்ப்பில் துள்ளித் துள்ளிப் பந்தியைச் சுற்றி வந்தாள். பால் பொங்கிய மணம் இன்னும் போகவில்லை. பழனிவேலுவுக்குப் பின்னால், தன் முறைக்காக, நகரத் தலைவி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஹால்வர்சன். இருவரும் முன்னதாகவே வந்து, இலையில் உட்கார்ந்து, காரத்தில் கண்ணீர் விட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.

அடைக்கலம் எழுந்து நின்று முழங்கினார், கூடாரமே கேட்கும்படி.

"ஆர்க்கேடியா நகர மன்றம்! பழசு முப்பத்தோராயிரத்து இருநூறு! புதுசு ஐயாயிரம்!"

நூற்று அறுபத்து மூன்று பேரும் எழுந்து கைதட்டினார்கள். வந்த நாளிலிருந்து 'துளைக்கூலிகள்' என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களோடு ஒரு நகரமே வரிசையில் நின்று, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போகிறது. தையல்நாயகிக்கு நெஞ்சு விம்மியது. அவள் நகரத் தலைவிக்குக் கைகூப்பினாள். அவரும் கூப்பினார், கொஞ்சம் கோணலாக.

ஹால்வர்சன் அப்போது ஒரு தட்டை நீட்டினார். வெற்றிலை, கூடாரத்துக்குள் விளைந்த வாழைப்பழம், நடுவில் ஒரு அழைப்பிதழ். யாரையோ கேட்டுச் சரியாகத்தான் வைத்திருந்தார்.

"நகரத்தின் நூற்றாண்டு விழா," என்றார். "குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டும்."

அவள் தேதியைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு வருடம் இருந்தது.

அங்கே நின்ற எல்லோரும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பி, தென்னந்தோப்பு வாங்குவது என்று எல்லோரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டிருந்தார்கள். வரி கட்டுகிறவன் கட்டி முடித்துவிட்டுக் கிளம்பிப் போகலாம். மொய் வாங்கியவன் எங்கே போவது? அந்தப் புதுசு ஐயாயிரத்தைத் திருப்பிச் செய்தாக வேண்டும். விசேஷம் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் அது முகத்தில் எறிந்த மாதிரி.

"இதுக்கு முன்னாடி நகரத்துக்கு வேற விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாங்கள் சில நாட்களை யோசித்தோம். இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது வரிமதி," என்றார் ஹால்வர்சன். "துளைபோடத் தெரிந்தவர்கள் ஐந்து வருடத்தில் திரும்பிவிடுவது நகரத்துக்கு நீண்டகாலக் கவலையாக இருந்ததாம்."

அவர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே அழைத்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் போனதும் நீலமேகம் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் அந்த மண்ணில் இறங்கி பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

"அஞ்சு வருஷம்னு சொல்லித்தானே என்னை வரச் சொன்னே?" என்றான்.

அவள் அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்தாள். உறையின் மேல் அவர்கள் மூவர் பெயரும் தப்பில்லாமல் எழுதியிருந்தது.

"என்னங்க பண்றது," என்றாள். "பத்திரிகை வெச்சுட்டாங்களே."